‘ஸ்கார்லெட் லெட்டர்’ வாசிக்கப் போகிறவர்களுக்கு: பியூரிட்டன் பாஸ்டனுக்குள் நுழையும் வழி

1642-ஆம் ஆண்டு, ஜூன் மாதத்துக் காலை. அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய மாசசூசெட்ஸ் காலனியில், பாஸ்டன் ஊர்ச் சிறையின் கதவு திறக்கிறது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வெளியே வருகிறாள். அவள் மார்பில், சிவப்புத் துணியில் தங்க இழையால் பூவேலை செய்த ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து. அடல்டரி, அதாவது மணவாழ்வுக்கு வெளியே கொண்ட உறவு, என்ற குற்றத்தின் முதலெழுத்து அது. சந்தைத் திடலில், பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களின் ஊரே கூடி நிற்கிறது.

நத்தானியல் ஹாதார்ன் 1850-இல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவல் இந்தக் காட்சியில்தான் உயிர் பெறுகிறது. முதன்முறை வாசிக்கிறவருக்கு இங்கேயே கேள்விகள் எழும். ஒரு குடும்பத்தின் விவகாரத்துக்கு ஊர் முழுவதும் ஏன் திரள்கிறது? குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லும்படி ஆளுநரும் போதகர்களும் ஏன் இவ்வளவு மன்றாடுகிறார்கள்? ஊரைவிட்டுப் போக அவளுக்குத் தடையே இல்லை என்று ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. அப்படியிருந்தும் அந்தப் பெண், ஹெஸ்டர் பிரின், ஏன் அங்கேயே தங்குகிறாள்?

கல்லூரி மாணவர்களோடு இந்த நாவலைப் பல முறை வாசித்திருக்கிறேன். “பியூரிட்டன்கள் கொடியவர்கள், ஹெஸ்டர் பாவம்” என்ற வரியோடு நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். அந்த வரி பொய்யல்ல. ஆனால் அதோடு நின்றால் பாதி நாவல் கைநழுவிப் போகும். அந்த ஊர்க்காரர்கள் இரவில் எதை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தார்கள் என்று தெரிந்தால்தான் மீதிப் பாதி திறக்கும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: முன்னுரையைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்

புத்தகத்தைத் திறந்ததும் ‘சுங்கச்சாவடி’ (துறைமுகச் சுங்க அலுவலகம்) பற்றிய நீளமான முன்னுரை ஒன்று வரும். புதியவர்களில் பலர் அங்கேயே களைத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதைத் தாண்டி நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். கதையை முடித்த பிறகு அந்த முன்னுரைக்கு வரலாம், அப்போது அது வேறு மாதிரி ஒலிக்கும்.

ஒரு தாளில் இரண்டு ஆண்டுக் கணக்குகளைக் குறித்து வையுங்கள். கதை நடப்பது 1642 முதல் 1649 வரை. எழுதப்பட்டது அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து. நாவலில் பேசும் குரல் பியூரிட்டனின் குரல் அல்ல. பியூரிட்டன்களின் வழிவந்த, அவர்களை நினைத்து வெட்கமும் மரியாதையும் ஒருசேரக் கொண்ட ஒருவரின் குரல். ஒரு வாக்கியம் பியூரிட்டன்களைப் புகழ்கிறதா இடிக்கிறதா என்று குழம்பினால், பெரும்பாலும் இரண்டையும் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: யார் இவர்கள், ஏன் கடல் கடந்தார்கள்

எட்டாம் ஹென்றி 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபையை ரோமிலிருந்து பிரித்தார். பிரிந்த பிறகும் ஆயர்கள், அங்கிகள், சடங்குகள் எனப் பழைய வழக்கங்கள் பல மிச்சமிருந்தன. வேதத்தில் இல்லாத அவற்றைக் களைந்து திருச்சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று கேட்டவர்களுக்கு எதிராளிகள் வைத்த ஏளனப் பெயர்தான் ‘பியூரிட்டன்’.

இரண்டு கூட்டத்தாரைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் பிளிமத்துக்கு வந்தவர்கள், இங்கிலாந்துத் திருச்சபை திருந்தாது என்று முடிவுகட்டி அதைவிட்டே விலகியவர்கள். நாவலின் பாஸ்டனை நிறுவியவர்கள் வேறு. 1629-இல் அரச பட்டயம் பெற்று, 1630-இல் ஜான் விந்த்ராப் தலைமையில் பதினொரு கப்பல்களில் ஏறத்தாழ எழுநூறு பேராக வந்தவர்கள். இவர்கள் தாய்ச்சபையை விட்டு விலகியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சபை எப்படி இருக்க வேண்டும் என்று கடலுக்கு இப்பாலிருந்து வாழ்ந்து காட்டப்போவதாக நம்பினார்கள். அந்தப் பயணத்தையொட்டி விந்த்ராப் ஆற்றிய உரையில் மத்தேயு சுவிசேஷத்தின் வசனம் ஒன்று வருகிறது: “மலையின்மேல் இருக்கிற பட்டணம் மறைந்திருக்கமாட்டாது.” உலகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தவறினால் எல்லோர் முன்பும் அவமானப்படுவோம் என்பது அந்த உரையின் எச்சரிக்கை.

இந்தப் பின்னணியோடு முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். புது ஊர் அமைக்க வந்தவர்கள் எவ்வளவு உயர்ந்த கனவோடு வந்திருந்தாலும், முதலில் அளந்து ஒதுக்கியவை ஒரு கல்லறைத் தோட்டமும் ஒரு சிறையும்தான் என்கிறார் ஹாதார்ன். மலைமேல் பட்டணத்தையும் இந்தச் சிறைக் கதவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாவல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 3: ‘நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா?’

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். நாவலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பியூரிட்டன்கள் பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் போதனையைப் பின்பற்றியவர்கள். ஆதாமின் வீழ்ச்சியால் மனிதர் எல்லோரும் பாவத்திலேயே பிறக்கிறார்கள். தங்கள் முயற்சியால் அதிலிருந்து மீள முடியாது. யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதை உலகம் உண்டாகும் முன்பே தேவன் முன்குறித்துவிட்டார். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’. தானமோ தர்மமோ நோன்போ அந்த முடிவை மாற்றாது. கிருபை வாங்கக் கிடைப்பதல்ல, கொடுக்கப்படுவது.

இதைக் கேட்ட மாணவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: எல்லாம் முன்பே முடிவாகிவிட்டதென்றால் ஒழுங்காக வாழ்ந்து என்ன பயன்? நல்ல கேள்வி. பியூரிட்டன் அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டான். நல்வாழ்வு இரட்சிப்பைக் கொண்டுவராது. ஆனால் இரட்சிக்கப்பட்டவனின் வாழ்வில் அதன் அடையாளம் தெரியாமல் போகாது. ஆகவே ஒவ்வொருவரும் தம் மனத்தைத் தாமே தோண்டித் துருவிக்கொண்டிருந்தார்கள். நேற்று ஜெபத்தில் உருகியது உண்மையா, நடிப்பா? என் கோபம், எனக்குள் இருக்கும் ‘பழைய மனிதன்’, அதாவது பாவ சுபாவம், இன்னும் சாகவில்லை என்பதற்குச் சாட்சியா? விந்த்ராப் உட்படப் பலர் நாட்குறிப்பு எழுதி இந்தக் கணக்கைப் பார்த்தார்கள். முழு நிச்சயம் யாருக்கும் வாய்க்கவில்லை. ‘எனக்கு நிச்சயம்’ என்று அலட்சியமாக இருப்பதே ஆபத்தான அறிகுறியாகக் கருதப்பட்டது.

உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால் வெளியே தெரியும் குறிகளுக்கு அளவுகடந்த எடை சேர்ந்தது. ஒரு நோய், ஒரு இடி, ஒரு கப்பல் மூழ்கல் எதுவுமே தற்செயல் அல்ல. எல்லாம் தேவன் எழுதும் எழுத்து. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நள்ளிரவு வானத்தில் ஒரு விண்கல் ஒளிர்கிறது. போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல் அதில் ‘ஏ’ என்ற எழுத்தைக் கண்டு நடுங்குகிறார். மறுநாள் காலை கோயில் பணியாளர் அதே எழுத்துக்கு வேறு பொருள் சொல்கிறார்: அன்றிரவு இறந்த ஆளுநர் விந்த்ராப் ஏஞ்சல் ஆனார், தேவதூதர் ஆனார் என்று. விந்த்ராப் உண்மையில் இறந்தது 1649 மார்ச் மாதத்தில். ஹாதார்ன் அதை மே மாதத்துக்கு நகர்த்தியிருக்கிறார். குறி ஒன்று, வாசிப்பு இரண்டு. ஹெஸ்டரின் மார்பில் உள்ள எழுத்துக்கும் இதுதான் நேர்கிறது. நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் அவள் ஓடியோடி உதவுவதைப் பார்த்த ஊரார், அது ஏபிள், திறமுள்ளவள் என்பதன் முதலெழுத்து என்று சொல்லத் தொடங்குகிறார்கள். நற்செயலால் கிருபை கிடைக்காது என்று ஞாயிறுதோறும் கேட்ட அதே ஜனங்கள்தான் அவள் நற்செயலைப் பார்த்து எழுத்தை மாற்றி வாசிக்கிறார்கள். இந்த முரணை நான் மிகவும் நேசிக்கிறேன்.

இன்னொரு சொல் உடன்படிக்கை. தனிமனிதனோடு மட்டுமல்ல, ஊரோடும் தேவன் உடன்படிக்கை செய்திருக்கிறார் என்பது நம்பிக்கை. ஊர் கீழ்ப்படிந்தால் செழிப்பு. ஒருவர் பாவத்தை ஊர் கண்டும் காணாமல் விட்டால் தண்டனை எல்லோர் தலையிலும். பயிர் பொய்க்கலாம், கொள்ளைநோய் வரலாம். ஆகவே ஹெஸ்டரின் செயல் பக்கத்துவீட்டு வம்பாக அவர்களுக்குப் படவில்லை. அணையில் விழுந்த விரிசலாகப் பட்டது. சிறைவாசலில் கூடிய பெண்களின் கடுஞ்சொற்களில் வம்பாசை உண்டு, பொறாமை உண்டு. அடியில் இந்தப் பயமும் உண்டு.

படி 4: மேல்மாடத்தில் நிற்பவர்கள் யார்

மூன்றாம் அத்தியாயத்தில் தண்டனை மேடைக்கு மேலே, ஆராதனை மண்டபத்தின் மேல்மாடத்தில் ஆளுநர் பெல்லிங்ஹாமும் மூத்த போதகர் ஜான் வில்சனும் இளைய போதகர் டிம்ஸ்டேலும் இருக்கிறார்கள். முதல் இருவரும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். டிம்ஸ்டேல் கற்பனை.

இதைப் ‘போதகர்களின் ஆட்சி’ என்று சுருக்கிவிடாதீர்கள். மாசசூசெட்ஸில் போதகர்கள் அரசுப் பதவி வகிக்கவில்லை. நீதிபதிகளும் ஆளுநரும் சபையின் சாதாரண உறுப்பினர்கள். ஆனால் 1631 முதல், வாக்குரிமை சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே. உறுப்பினராவதும் எளிதல்ல. கிருபை தன்னை எப்படித் தொட்டது என்று சபை முன் சாட்சி சொல்லி, சபையார் அதை நம்ப வேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு எல்லோரும் வந்தாக வேண்டும்; உறுப்பினராவதோ சிலர் மட்டுமே. ஆக, ஒருவர் உள்ளத்துக்குள் நடந்ததாகச் சொன்ன கதைக்கு வாக்குச்சீட்டின் மதிப்பு இருந்தது.

ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்துகொண்டது, மேலே ஆயர் கிடையாது. யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வழி அந்நியமல்ல. 1816-இல் அங்கே வந்து பள்ளிகளும் வட்டுக்கோட்டைச் செமினரியும் நடத்திய அமெரிக்க மிஷன், மாசசூசெட்ஸில் பிறந்த சங்கத்தின் கிளை. பியூரிட்டன் சபைகளின் நேர் வாரிசுகள் நடத்திய சங்கம் அது.

திருமணம் அங்கே திருச்சபைச் சடங்கு அல்ல, நீதிபதி முன் செய்யும் ஒப்பந்தம். மணமுறிவுக்கும் இடம் இருந்தது. நிஜ பெல்லிங்ஹாம் 1641-இல் ஆளுநராக இருந்தபோது முறையான முன்னறிவிப்பு இல்லாமல் தன் திருமணத்தைத் தானே நடத்திக்கொண்டார். அது வழக்கானபோது நீதிபதி இருக்கையைவிட்டு இறங்க மறுத்துவிட்டார். ஹெஸ்டரை அவர் விசாரிக்கும் பக்கங்களை வாசிக்கையில் இது எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஏழாம், எட்டாம் அத்தியாயங்களில் குழந்தை பேர்லைத் தாயிடமிருந்து பிரித்துவிடலாமா என்று பெரியவர்கள் ஆலோசிக்கிறார்கள். இது நாவலுக்காகப் புனைந்த கொடுமை என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு வாசிப்பும் சமயக் கோட்பாடுகளும் கற்றுத்தராத பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை எடுத்து வேறு வீட்டில் வளர்க்க ஊர் நிர்வாகிகளுக்கு 1642-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. அதனால்தான் வில்சன் அந்தச் சின்னப் பெண்ணிடம், உன்னைப் படைத்தவர் யார் என்று கேட்கிறார். விடை தெரிந்தும் அவள் வேண்டுமென்றே, சிறைவாசல் ரோஜாச் செடியிலிருந்து அம்மா என்னைப் பறித்தாள் என்கிறாள். பரீட்சையில் அவள் தோற்றால் தாய் அவளை இழப்பாள். இதை அறிந்து வாசித்தால் அந்தப் பக்கம் வயிற்றைப் பிசையும்.

பேர்ல் என்றால் முத்து. தனக்குள்ளதையெல்லாம் விற்று விலையுயர்ந்த முத்தை வாங்கிய வியாபாரியின் உவமை மத்தேயு 13-இல் இருக்கிறது. வாசித்துவிட்டு வாருங்கள்.

படி 5: எழுத்தும் சட்டமும்

நாவல் காட்டும் தண்டனை 1642-இன் பாஸ்டனில் நடந்திருக்குமா? வரலாற்றின் விடை நாவலைவிடக் கடுமையானது. 1641-இல் காலனி வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை. சட்டத்துக்கு ஆதாரமாக வேத வசனங்களும் கூடவே குறிக்கப்பட்டிருந்தன. 1644-இல் மேரி லேதம் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவரும் பாஸ்டனில் இதற்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். ஹெஸ்டரைப் போலவே மேரியும் தன்னைவிட மிக மூத்த ஒருவரை மணந்தவள்.

நாவலிலேயே இது சொல்லப்படுகிறது. சட்டப்படி மரணம், ஆனால் கணவன் கடலில் மாண்டிருக்கலாம் என்பதால் இரக்கம் காட்டி, மூன்று மணி நேரம் மேடையில் நிற்பதோடும் ஆயுள் முழுதும் எழுத்தை அணிவதோடும் விட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் விளக்குகிறார்.

எழுத்து அணிவிக்கும் தண்டனையும் கற்பனை அல்ல. 1634-இல் மாசசூசெட்ஸில் ராபர்ட் கோல் என்ற குடிகாரர், டிரங்கர்ட், குடிகாரர், என்பதன் முதலெழுத்தான ‘டி’யை வெள்ளைத் துணிமேல் சிவப்பில் ஓராண்டு கழுத்தில் அணியும்படி தீர்ப்பானது. பிளிமத்தின் 1658-ஆம் ஆண்டுச் சட்டம் அடல்டரியின் முதல் இரண்டு எழுத்துகளான ‘ஏ’, ‘டி’ ஆகியவற்றை மேலாடையில் தைக்கச் சொன்னது. மாசசூசெட்ஸில் இரண்டு அங்குல உயர ‘ஏ’ சட்டமானது 1694-இல்தான். ஹாதார்ன் இதை ஐம்பது ஆண்டுகள் முன்னே இழுத்து வைத்திருக்கிறார். காரணம் ஊகிக்கக்கூடியதே. தூக்கிலிடப்பட்ட பெண்ணுக்கு ஏழு ஆண்டுக் கதை இல்லை.

மேடை என்பது கழுத்தையும் கைகளையும் மாட்டும் மரச்சட்டம் பொருத்திய உயரமான இடம். தமிழ் வேதாகமத்தில் வரும் தொழுமரம் காலை மாட்டுவது. இது முகத்தை மறைக்கவோ தலையைக் குனியவோ விடாமல் நிறுத்துவது. ஹெஸ்டரின் கழுத்தை மாட்டவில்லை என்றாலும் அவள் அங்கே நின்றாக வேண்டும். மேடைக் காட்சிகள் மூன்று: தொடக்கத்தில், பன்னிரண்டில், இருபத்துமூன்றில். மூன்றிலும் யார் மேலே நிற்கிறார், யார் கீழே, பகலா இரவா என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள்.

படி 6: பாவ அறிக்கை யாரிடம்?

கதையின் ரகசியம் தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி அடுத்த படிக்குப் போகலாம்.

குழந்தையின் தகப்பன் டிம்ஸ்டேல். ஏழு ஆண்டுகள் அவர் சொல்லவில்லை. கோழை என்று கோபப்படுவது இயல்பு, நானும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அவர் மாட்டிக்கொண்ட இடத்தைப் பாருங்கள். கத்தோலிக்கராக இருந்தால் பாவசங்கீர்த்தனக் கூண்டில் ஒரு குருவிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புப் பெற்றிருக்கலாம். பியூரிட்டன்கள் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். தேவனிடம் தனிமையில் சொல்லலாம். ஊரைத் தொட்ட பாவமானால் சபை முன் எழுந்து சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு செவி கிடையாது. வழி அடைபட்ட அந்த மனிதர் ரகசியமாகத் தன்னைச் சாட்டையால் அடித்துக்கொள்கிறார். அது ரோமாபுரியின் பழைய மார்க்கத்துக்கே ஒத்த செயல் என்று ஹாதார்ன் சுட்டிக்காட்டுகிறார். தம் விசுவாசத்தில் இடமில்லாத பரிகாரத்தை ஒரு பியூரிட்டன் போதகர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்.

பதினொன்றாம் அத்தியாயத்தில் பிரசங்க மேடையிலேயே, நான் பாவிகளில் கேடுகெட்டவன் என்று அவர் சொல்லிப் பார்க்கிறார். கேட்டவர்கள் அவரை இன்னும் அதிகமாக வணங்குகிறார்கள். படி 3-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தன்னை இழிந்தவன் என்று உணர்வதே கிருபை பெற்றவனின் அடையாளம் என்று நம்பிய சபைக்கு அந்தச் சொற்கள் பரிசுத்தத்தின் சான்றாகவே கேட்கும். பெயரும் நாளும் இல்லாத பொதுவான அறிக்கை அங்கே பொய்யாகிவிடுகிறது. அது அவருக்கும் தெரியும்.

படி 7: காடு

ஊரின் எல்லைக்கு வெளியே காடு. பியூரிட்டன் மனத்தில் அது பிசாசின் இடம். ‘கறுப்பு மனிதன்’ புத்தகத்தோடு வந்து ஆத்துமாக்களிடம் கையெழுத்து வாங்கும் இடம். 16 முதல் 19 வரையுள்ள அத்தியாயங்களில் ஹெஸ்டரும் டிம்ஸ்டேலும் மனம் திறந்து பேசுவது அங்கேதான். அவள் எழுத்தைக் கழற்றி எறிந்ததும் வெயில் விழுகிறது.

ஆனால் அது வெறுங்காடு அல்ல, மனிதர்கள் வாழ்ந்த நிலம். 1633-இல் பரவிய பெரியம்மை பூர்வகுடிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1636-38 பீக்வாட் போரில் பீக்வாட் என்ற பூர்வகுடி இனமே சிதைக்கப்பட்டது. நாவலில் அவர்கள் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் உருவங்களாக மட்டும் வருகிறார்கள். இது ஹாதார்னின் பார்வையில் உள்ள பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

வேறு கருத்துச் சொன்ன சொந்த ஜனங்களுக்கும் ஊருக்குள் இடம் இல்லை. போதகர் ரோஜர் வில்லியம்ஸ் 1635-இல் வெளியேற்றத் தீர்ப்புப் பெற்றார். ஆன் ஹட்சின்சன் தன் வீட்டில் கூட்டம் கூட்டி, போதகர்கள் பலர் கிருபையை விட்டுக் கிரியைகளையே, அதாவது நற்செயல்களையே, போதிக்கிறார்கள் என்று சொன்னார். ஆவியானவர் தன்னோடு நேரடியாகப் பேசுவதாகவும் நீதிமன்றத்தில் கூறினார். 1637-இல் நாடுகடத்தத் தீர்ப்பாகி, 1638 மார்ச்சில் சபையிலிருந்தும் விலக்கப்பட்டார். விலக்கும் வாசகத்தை அறிவித்தவர் அதே ஜான் வில்சன், ஹெஸ்டரை மேல்மாடத்திலிருந்து அதட்டுகிறவர். சிறைவாசல் ரோஜாச் செடி ஆன் ஹட்சின்சனின் காலடியில் முளைத்ததாகவும் இருக்கலாம் என்கிறது முதல் அத்தியாயம். பதின்மூன்றில், பேர்ல் மட்டும் இல்லாதிருந்தால் ஹெஸ்டர் அவரோடு கைகோத்து வரலாற்றில் நின்றிருப்பாள் என்கிறது. இந்த இரண்டு இடங்களையும் கோடிட்டு வையுங்கள். சூனியக்காரியாக வரும் ஹிபின்ஸ் அம்மாளும் வாழ்ந்தவரே. 1656-இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்.

படி 8: கறுப்பு உடை என்ற கற்பனை

படங்களில் பியூரிட்டன்கள் எப்போதும் கறுப்பில் வருவார்கள். நிஜத்தில் நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம். சாதாரணர்கள் பழுப்பு, செம்மண், மங்கிய பச்சை நிறங்களில் உடுத்தினார்கள். பீர் அன்றாடப் பானம். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைத்தான் வேதத்தில் இல்லாதது என்று ஒதுக்கினார்கள். 1659-இல் அதற்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்த சட்டம் 1681 வரை இருந்தது. 21-ஆம் அத்தியாயத்தில் ஆளுநர் தேர்தல் நாளுக்கு ஊர் இவ்வளவு குதூகலிப்பது அதனால்தான். பண்டிகை இல்லாத ஊருக்கு அதுவே திருவிழா.

லேஸ், தங்க இழை ஆடம்பரங்களுக்கு 1634-லேயே தடை வந்தது. பின்னாளில் 1651-ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துள்ளவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஹெஸ்டர் ஆளுநரின் கழுத்துப்பட்டைக்கும் கையுறைக்கும் பூவேலை செய்து பிழைக்கிறாள். அவளைத் தண்டித்தவர்களின் உடலில் அவள் ஊசிவேலை. மணப்பெண்ணின் முக்காட்டுக்கு மட்டும் அவளை அழைப்பதில்லை.

படி 9: இப்போது முன்னுரைக்கு வாருங்கள்

24 அத்தியாயங்களையும் முடித்துவிட்டீர்களா? இனிச் சுங்கச்சாவடி. மாசசூசெட்ஸின் துறைமுக ஊரான சேலத்தில், நம் சேலத்தோடு பெயர் ஒற்றுமை மட்டுமே உள்ள ஊரில், 1804-இல் பிறந்தவர் ஹாதார்ன். அங்கே சுங்க அதிகாரியாக இருந்தவர், 1849-இல் அரசாங்கம் மாறியபோது வேலை இழந்தார். அதே கோடையில் தாயும் இறந்தார். அந்த மாதங்களுக்குப் பின் எழுதியதுதான் இந்த நாவல்.

ஹாதார்னின் முதல் அமெரிக்க மூதாதை வில்லியம் 1630-இல் வந்தவர்; குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் துன்புறுத்தியவர்களில் ஒருவர். அவர் மகன் ஜான் 1692 சேலம் சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். இருவரையும் முன்னுரையில் எதிரே நிறுத்திப் பேசுகிறார் ஹாதார்ன். அவர்கள் செய்ததற்கான வெட்கத்தைத் தான் ஏற்றுக்கொள்வதாகவும், அதனால் வந்த சாபம் ஏதேனும் இருந்தால் நீங்கட்டும் என்று வேண்டுவதாகவும் எழுதுகிறார். கதை எழுதுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவர்கள் தன்னைப் பற்றி முணுமுணுப்பதையும் கற்பனை செய்கிறார். அந்தப் பக்கங்களை வாசித்த கையோடு இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ச் சிறைவாசல் கூட்டத்தை மறுபடி பாருங்கள். கடுமையாகப் பேசும் பெண்களுக்கு நடுவே, ஒரு குழந்தையைக் கைப்பிடித்தபடி ஓர் இளம் தாய் நிற்கிறாள். எழுத்தை மூடிக்கொண்டாலும் அதன் வேதனை அவள் நெஞ்சில் இருக்கும் என்று இரங்கிப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். முதல் வாசிப்பில் அவளைப் பலரும் கவனிப்பதில்லை.